ஐந்து குத்துகளும் ஐந்து பொருள்களும்: சீனக் குத்துக்கலையில் வூசிங் கோட்பாடு

வட சீனாவின் ஹெபெய், ஷான்சி மாநிலங்களில் வளர்ந்த சிங்யி என்னும் குத்துக்கலையில் சேரும் மாணவருக்குத் தொடக்கத்தில் ஐந்தே குத்துகள்தான் கற்றுத்தரப்படும்: பீ, ட்சுவான், பெங், பாவ், ஹெங். பீ உலோகத்துக்கு உரியது, ட்சுவான் நீருக்கு, பெங் மரத்துக்கு, பாவ் நெருப்புக்கு, ஹெங் மண்ணுக்கு. இந்தப் பொருத்தத்திலிருந்து மரபு மூன்று முடிவுகளைப் பெறுகிறது. ஒவ்வொரு குத்துக்கும் தனியான ஒரு விசைக்குணம் உண்டு. எந்தக் குத்தை எந்தக் குத்து முறியடிக்கும் என்பது முன்பே தீர்மானமானது. ஒவ்வொரு குத்தும் ஓர் உள்ளுறுப்பை வளர்க்கிறது. மூன்றும் ஒரே கோட்பாட்டின் பெயரால் வருவதால், நம்புகிறவர்கள் மூன்றையும் சேர்த்து ஏற்கிறார்கள். மறுப்பவர்கள் மூன்றையும் சேர்த்துத் தள்ளுகிறார்கள். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். முதல் முடிவில் பயிற்சிக்கு வேண்டிய செல்வம் இருக்கிறது, இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, மூன்றாவது நிற்காது என்பதே என் கருத்து.

ஐந்து என்றதும் நமக்கு நிலம், நீர், தீ, வளி, வெளி என்று வரிசை வந்துவிடும். சீனரின் வூசிங் அதுவன்று. அதில் வளியும் வெளியும் இல்லை. மரமும் உலோகமும் இருக்கின்றன. நம் ஐம்பூதங்கள் உலகம் எவற்றால் ஆனது என்று சொல்ல வந்தவை. வூசிங்கின் அக்கறை மாற்றத்தின் மேல்: எது எதைப் பிறப்பிக்கிறது, எது எதை அடக்குகிறது. மரம் நெருப்பைப் பிறப்பிக்கும், நெருப்பு மண்ணை, மண் உலோகத்தை, உலோகம் நீரை, நீர் மரத்தை. இது ஆக்க வரிசை. அடக்கும் வரிசையில் உலோகம் மரத்தை வெட்டும், மரம் மண்ணைத் துளைக்கும், மண் நீரைத் தடுக்கும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும். ஐந்து பொருள்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்து இணைகள் வரும். அவற்றில் ஐந்து ஆக்க உறவுகள், ஐந்து அடக்கும் உறவுகள். உறவில்லாத இணை ஒன்றுகூட மிஞ்சாது. இந்த முழுமைதான் சீன அறிஞர்களை இரண்டாயிரம் ஆண்டுகள் கட்டிப்போட்டது. எதைக் கொண்டுவந்தாலும் அதற்கு இங்கே ஓர் இடம் கிடைத்துவிடும்.

ஐந்தின் பட்டியலும் அவற்றின் குணங்களும் 'ஷூஜிங்' என்னும் பழைய ஆவணத் தொகுப்பிலேயே காணப்படுகின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ட்சோ யென் என்ற சிந்தனையாளர் அடக்கும் வரிசையை அரச வம்சங்களின் எழுச்சி வீழ்ச்சிக்குப் பொருத்தினார். சோவ் வம்சம் நெருப்பு என்றால், அதை வீழ்த்துவது நீராகத்தான் இருக்க வேண்டும். ஆகவே சின் பேரரசு தன்னை நீர் என்று அறிவித்து, கறுப்பைத் தன் நிறமாகவும் ஆறைத் தன் எண்ணாகவும் கொண்டது. அடுத்து வந்த ஹான் வம்சம் கி.மு. 104இல் தன்னை மண் என்றது; பிறகு குவாங்வூ பேரரசரின் காலத்தில் அதே வம்சம் தன்னை நெருப்பு என்று மாற்றிக்கொண்டது. கோட்பாடு அரசியலின் தேவைக்கு இவ்வளவு எளிதாக வளைந்தது என்றால், குத்துவரிசையின் தேவைக்கும் அது வளைந்திருக்கும் என்பதை எதிர்பார்க்கலாம்.

சீனர்கள் எல்லாரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றார்கள் என்பது தவறான எண்ணம். சன்சுவின் போர்நூலே, ஐந்தில் எந்த ஒன்றும் எல்லாச் சமயத்திலும் வெல்வதில்லை என்று சொல்கிறது. பழஞ்சிந்தனையாளர் மோசியின் வழிவந்த தருக்கவாதிகள் அதற்குக் காரணமும் காட்டினார்கள்: நெருப்பு உலோகத்தை உருக்குவது நெருப்பு மிகுதியாக இருக்கும்போது; உலோகம் மிகுதியாக இருந்தால் எரியும் கரியை அது நசுக்கி அணைத்துவிடும். வெற்றியைத் தீர்மானிப்பது இனம் அன்று, அளவு. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வாங் சோங் இன்னும் கூர்மையாகக் கேட்டார். பன்னிரண்டு ஆண்டு விலங்குகளில் எலி நீருக்கு உரியது, குதிரை நெருப்புக்கு உரியது. நீர் நெருப்பை வெல்லும் என்றால் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை? சேவல் உலோகம், முயல் மரம். சேவல் ஏன் முயலைக் கொத்தித் தின்பதில்லை? விலங்குகளின் சண்டையில் பல்லும் கொம்பும் தசைவலுவும் துணிவும்தான் வெல்கின்றன என்பது அவருடைய விடை. குத்துச்சண்டை பற்றி அவர் எழுதவில்லை. ஆனாலும் குத்துக்கலைக்கு இந்தக் கோட்பாட்டைப் பொருத்த விரும்பும் எவரும் முதலில் விடை சொல்லவேண்டிய கேள்வி இதுதான்.

குத்துக்கலைக்குள் வூசிங் எப்போது நுழைந்தது? மிங் வம்சத் தளபதி சீ ஜிகுவாங் 1560 அளவில் எழுதிய படைப்பயிற்சி நூலில் வெறுங்கைக் குத்துக்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. 32 நிலைகள், ஒவ்வொன்றுக்கும் படமும் விளக்கமும். பெரும் போரில் வெறுங்கைக்கு வேலையில்லை என்றாலும் கைகாலைப் பழக்க அது உதவும் என்பது அவருடைய நிதானமான பார்வை. அந்த நிலைகளை அவர் ஐந்து பொருள்களால் விளக்கவில்லை. அதே நூலில் படைப்பிரிவுகளை இயக்கும் கொடிகளுக்கு மட்டும் ஐந்து திசை, ஐந்து நிறம் என்ற பழைய ஒழுங்கு பயன்படுகிறது: முன்னணிக்குச் சிவப்பு, பின்னணிக்குக் கறுப்பு, இடத்துக்கு நீலம், வலத்துக்கு வெள்ளை, நடுவுக்கு மஞ்சள். ஆயிரக்கணக்கான வீரர்களை ஒழுங்குபடுத்தும் குறியீடாக வூசிங் அந்தத் தளபதிக்குப் பயன்பட்டது. குத்து எப்படி வேலை செய்கிறது என்று விளக்க அது அவருக்குத் தேவைப்படவில்லை.

மிங் காலத்தின் இறுதியிலும் சிங் காலத்தின் தொடக்கத்திலும்தான் போர்ப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, மருத்துவம், பிரபஞ்சக் கோட்பாடு எல்லாம் ஒன்றாகக் கலந்தன என்பதை மெய்ர் ஷஹார் ஷாவ்லின் மடம் பற்றிய தம் 2008ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டுகிறார். போதிதருமர் ஷாவ்லின் துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்பித்தார் என்ற கதைக்கு மூலமான 'யிஜின்ஜிங்' நூலும் 1624ஆம் ஆண்டைச் சேர்ந்ததே. '7ஆம் அறிவு' படம் பார்த்த நம் வாசகர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கதைக்கு அதற்கு முந்தைய சான்று கிடையாது. சிங்யி மரபின் சில ஏடுகளும் போதிதருமரையோ, 12ஆம் நூற்றாண்டுத் தளபதி யுவே ஃபெய்யையோ மூலவராகச் சொல்கின்றன. வரலாற்றில் காலூன்றி நிற்பவர் 17ஆம் நூற்றாண்டில் ஷான்சியின் பூசோவைச் சேர்ந்த ஜி ஜிகே. ஈட்டி வீச்சில் பெயர்பெற்றவர். ஈட்டியின் நேர்க்கோட்டு விசையை வெறுங்கைக்குக் கொண்டுவந்தவர் என்று மரபு சொல்கிறது.

அவருக்குப் பின் மரபு கிளைவிட்டது. ஹெனானின் லுவோயாங்கில் மா சுவேலி வழியாக ஹுய் முஸ்லிம்களிடையே பரவிய கிளை பத்து விலங்குகளின் அசைவுகளை மையமாகக் கொண்டது. ஐந்து குத்துகள் அங்கே அடிப்படைப் பாடம் ஆகவில்லை. ஷான்சியின் சீ மாவட்டத்தில் தாய் குடும்பத்தாரிடம் இருந்த கிளையில் ஐந்து குத்துகள் உண்டு. அங்கே கற்ற ஹெபெய்க்காரர் லீ லுவோனெங் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவற்றைப் பாடத்தின் வாசலாகவே ஆக்கினார். ஒரே வேரிலிருந்து வந்த இரு கிளைகளில் ஒன்று ஐந்து குத்துகள் இல்லாமலே வலுவாக வளர்ந்திருக்கிறது. கோட்பாட்டிலிருந்து குத்துகள் பிறக்கவில்லை, கையிலிருந்த குத்துகளை ஒழுங்குபடுத்தக் கோட்பாடு வந்தது என்று நான் கருதுவதற்கு இதுவே பெரிய ஆதாரம்.

அப்படி வந்து ஒழுங்குபடுத்திய வேலையைச் சிறிதாக நினைக்கக் கூடாது. குத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது புரியும்.

பீ என்பது பிளத்தல். கை உடலின் நடுக்கோட்டில் மேலெழுந்து, முன்னே சென்று, உள்ளங்கை கோடரியைப் போல இறங்கும். பின்கால் தானாக இழுபட்டு வந்து நிற்கும். எழுவதும் விழுவதும் ஒரே அசைவில் அடங்குவதால் பெரும்பாலான ஆசான்கள் இதையே முதலில் வைக்கிறார்கள். ட்சுவான் துளைத்தல். ஒரு கை எதிராளியின் கையைக் கீழே அமுக்க, மற்றக் கை முறுக்கிக்கொண்டு மூக்கின் உயரத்துக்கு ஏறும். முழங்கை விலா எலும்பை விட்டு விலகினால் விசை போய்விடும். இடுக்கில் புகுந்து மேலேறும் ஊற்றின் குணம் இது. பெங் நேரான குத்து. முட்டி செங்குத்தாக, நடுமார்பின் உயரத்தில், மிகக் குறுகிய வழியில் போகும். முன்கால் பாதி அடி வைக்க, பின்கால் தொடர்ந்து வந்து ஊன்றும் கணத்தில் முட்டி இலக்கைத் தொட்டிருக்க வேண்டும். லீ லுவோனெங்கின் சீடர் குவோ யுன்ஷென் இந்த அரையடிப் பெங்கால்தான் புகழ்பெற்றார். சிறையில் விலங்கு பூட்டிய கால்களோடு அவர் இதைப் பழகினார் என்ற கதையைச் சிங்யிக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும், முழு அடி வைக்க முடியாத இடத்திலும் முழு உடலின் எடையை முட்டிக்குக் கொண்டுவரலாம் என்பதை அந்தக் குத்து செய்து காட்டுகிறது. மரத்துக்கு வளைந்து நிமிரும் குணத்தை 'ஷூஜிங்' தருகிறது. பின்கால் மடங்கி நிமிர்வதில் அந்தக் குணத்தை உடம்பால் உணரலாம்.

பாவ் பீரங்கி. சாய்கோணத்தில் அடி வைத்து, ஒரு முன்கை முறுக்கி மேலேறி வரும் அடியை ஒதுக்க, மற்றக் கை அதே கணத்தில் மார்புயரத்தில் வெடிக்கும். தடுப்பும் தாக்குதலும் இரண்டு வேலைகளாகப் பிரிந்துவிட்டால் அது பாவ் ஆகாது. கடைசியாக ஹெங். குறுக்கு விசை. ஒரு கையின் முழங்கைக்குக் கீழிருந்து மறு முன்கை வெளிப்புறமாக முறுக்கிக்கொண்டு வெளிவரும். பார்வைக்கு அடங்கிய குத்து, கற்பதற்கு ஐந்திலும் கடினமானது. கையைப் பக்கவாட்டில் வீசினால் அது ஹெங் அன்று. முன்னே போகும் கைக்குள் பக்கவாட்டு விசை ஒளிந்திருக்க வேண்டும். மற்ற நான்கு குத்துகளுக்குள்ளும் சிறிதளவு ஹெங் இருக்கிறது என்றும், அதனாலேயே அது மண் என்றும் ஆசான்கள் சொல்வார்கள். பீயில் கை எழும்போதும் பாவில் முன்கை ஒதுக்கும்போதும் இந்த முறுக்கு இருப்பதைக் கவனித்தவருக்கு அந்தச் சொல்லின் நியாயம் தெரியும்.

இறங்கும் விசை, ஏறும் விசை, நேரே செல்லும் விசை, வெடிக்கும் விசை, குறுக்கே தள்ளும் விசை என்று மனிதக் கையால் எழுப்பக்கூடிய விசைகளில் முக்கியமானவை ஐந்து பெட்டிகளுக்குள் வந்துவிட்டன. மிருதங்கம் கற்கும் பிள்ளைக்குச் சொற்கட்டு எப்படியோ, சிங்யி மாணவருக்கு இந்தப் பெயர்கள் அப்படி. நெருப்பு என்று ஆசான் ஒரு சொல் சொன்னால் தோள், இடுப்பு, மூச்சு, முகம் எல்லாம் சேர்ந்து ஒரு குணத்துக்கு மாறுகின்றன. முழங்கையை இத்தனை பாகை மடக்கு, இடுப்பை இவ்வளவு திருப்பு என்று தனித்தனியாகச் சொல்லி இந்த முழு மாற்றத்தைக் கொண்டுவருவது கடினம். முதல் முடிவில் செல்வம் இருக்கிறது என்று சொன்னது இதனால்தான். பீ, ட்சுவான், பெங், பாவ், ஹெங் என்ற வழக்கமான வரிசை உலோகம், நீர், மரம், நெருப்பு, மண் என்ற ஆக்க வரிசையேதான். ஒரு குத்து முடியும் இடத்தில் அடுத்தது தொடங்க வசதியாக இருப்பதால், ஐந்தையும் தொடுத்துச் செய்யும் 'லியான்ஹுவான்' வரிசையும் அமைந்தது. ஆனால் பெங்கை இரண்டாவதாக வைக்கும் கிளைகளும் உண்டு. அவர்களுடைய மாணவர்கள் அதனால் எந்தக் குறையும் அடையவில்லை.

அடக்கும் வரிசைக்கு வருவோம். இதற்கென இருவர் எதிரெதிரே நின்று செய்யும் பயிற்சி இருக்கிறது. ஒருவர் பெங் குத்தினால் மற்றவர் பீயால் மேலிருந்து அந்தக் கையை வெட்டி இறக்குகிறார். பீ வந்தால் பாவ் அதைத் தூக்கி ஒதுக்கிக்கொண்டே குத்துகிறது. பாவை ட்சுவான் இடுக்கில் புகுந்து கெடுக்கிறது. ட்சுவானின் ஏற்றத்தை ஹெங் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. ஹெங்கின் சுற்றுவழி முடியுமுன் பெங் நேர்வழியில் சேர்ந்துவிடுகிறது. ஐந்திலும் இயக்கவியல் நியாயம் இருக்கிறது. நேர்க்கோட்டு விசையை அதற்குக் குறுக்கான விசையால் கெடுப்பதும், சுற்றுவழியை நேர்வழியால் முந்துவதும் எந்த நாட்டுச் சண்டைக் கலையிலும் உள்ளவை. பாதி உண்மை என்றது இதை.

மறுபாதியில்தான் மோசியின் வழிவந்தவர்கள் குறுக்கே நிற்கிறார்கள். பெங் ஒரு கணம் முந்தினால் பீ இறங்குவதற்குள் மார்பில் பட்டுவிடும். அதற்குப் பெயர் மரம் உலோகத்தை வென்றது என்பதா? ட்சுவான் குத்துபவர் மற்றவரைவிட இருபது கிலோ கனமானவர் என்றால் ஹெங் அவரை அசைக்காது. தூரம், நேரம், கோணம், எடை, துணிவு ஆகியவை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூடி வெற்றியைத் தீர்மானிக்கின்றன. இன்னொரு தடையும் உண்டு. கண்ணால் கண்டு கை அசைவதற்கே மனிதருக்கு ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் பெருகப் பெருக அந்த நேரமும் கூடும் என்பதை வில்லியம் ஹிக் 1952இல் சோதனையில் காட்டினார். வருவது மரமா நெருப்பா என்று இனங்கண்டு, அதை அடக்கும் பொருளை நினைவிலிருந்து எடுத்து, அதற்குரிய குத்தை விடுவதற்குள் சண்டை முடிந்திருக்கும்.

இந்த மறுப்பைச் சிங்யிக்குள்ளிருந்தே ஒருவர் எழுப்பினார் என்பது பெருமைக்குரியது. குவோ யுன்ஷென்னின் மாணவர் வாங் சியாங்சாய் (1885–1963) வரிசைகளையெல்லாம் விட்டுவிட்டு, அசையாமல் நிற்கும் பயிற்சியை அடிப்படையாக்கி 'யீச்சுவான்' என்ற தனிவழியை 1920களில் உருவாக்கினார். ஐந்து பொருள்களை அவர் தூக்கி எறியவில்லை. எலும்பும் தசைநாரும் உலோகமாக இறுகுவது, கிளைபோல வளைந்து நிற்பது, வெடிமருந்துபோலக் கிளம்புவது என்று உடம்பில் உணரவேண்டிய ஐந்து விசைகளாக அவற்றை விளக்கினார். இந்தப் பொருள் அந்தப் பொருளை அடக்கும் என்று கணக்குப் போட்டுச் சண்டையிடுவதைத்தான் அவர் கடுமையாகத் தாக்கினார். நான் படித்த வாதங்களில் பயிற்சிக்கு மிக நெருக்கமானது அவருடையது.

மற்றப் பள்ளிகளில் இதே கோட்பாடு மெலிந்த வடிவில் இருக்கிறது. தாய்ச்சியின் பதின்மூன்று நிலைகளில் எட்டு கைவிசைகள் போக எஞ்சிய ஐந்து கால்நகர்வுகள்: முன்னேறல், பின்வாங்கல், இடம் நோக்கல், வலம் நோக்கல், நடுவில் நிலைத்தல். நடு மண் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். முன்னேறுவது உலோகமா நெருப்பா என்பதில் ஏடுகள் முரண்படுகின்றன. முரண்பட்டும் எந்தப் பிரிவின் கால்நகர்வும் கெடவில்லை. கால்நகர்வைச் சரியாக வைத்திருப்பது அந்தப் பெயர் அன்று என்பதற்கு இது போதும். தென்சீனாவின் ஹுங்கார் மரபிலும் ஐந்து விலங்குகளுக்குப் பின் ஐந்து பொருள்களின் குத்துகள் ஒரே வரிசையில் தொடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே அவை நெடிய வரிசையின் ஒரு பகுதி மட்டுமே.

உள்ளுறுப்புகள் பற்றிய மூன்றாவது முடிவை மென்மையாகக் கையாள முடியவில்லை. சீன மருத்துவத்தின் 'ஹுவாங்தி நெய்ஜிங்' கல்லீரலை மரத்துக்கும், இதயத்தை நெருப்புக்கும், மண்ணீரலை மண்ணுக்கும், நுரையீரலை உலோகத்துக்கும், சிறுநீரகத்தை நீருக்கும் உரியதாக்கியது. சுன் லுதாங் (1860–1933) சிங்யி பற்றி 1915இல் வெளியிட்ட நூல் இந்தப் பொருத்தத்தைக் குத்துகளின் மேல் முழுமையாக ஏற்றியது: பீ சரியாக இருந்தால் நுரையீரல் சீராகும், பெங் சரியாக இருந்தால் கல்லீரல் சீராகும். சுன் லுதாங் பெரிய கலைஞர். சிங்யி, பாகுவா, தாய்ச்சி மூன்றையும் ஆழக் கற்று, குத்துக்கலையைப் படித்தவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தவர். நாடு வலுவிழந்து கிடந்த காலத்தில் குத்துக்கலை முரடர்களின் தொழில் அன்று, உடலையும் மனத்தையும் வளர்க்கும் கல்வி என்று நிறுவ அவருக்கு மருத்துவத்தின் மதிப்பு தேவைப்பட்டது. அந்த நோக்கத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியாது.

அதே 1915இல் ஷாங்காயில் சென் துஷியூ இளைஞர்களுக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் முதல் இதழிலேயே, அறிவியல் அறியாமல் ஐந்து பொருள்களின் ஆக்க அடக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் மருத்துவர்களைச் சாடினார். மல்லர்களின் வித்தைகளையும் அந்தச் சாடலில் சேர்த்துக்கொண்டார். 1923இல் லியாங் சீச்சாவ் இந்தக் கோட்பாட்டின் பிறப்பை ஆராய்ந்து, ஈராயிரம் ஆண்டு மூடநம்பிக்கையின் பெருங்கோட்டை இது என்ற முடிவுக்கு வந்தார். அவர்களுடைய சினத்துக்குக் காரணம் உண்டு. பீ செய்யும்போது மூச்சு ஆழமாகிறது, தோள் திறக்கிறது. நாள்தோறும் ஒரு மணி நேரம் இப்படி உழைத்தால் உடல்நலம் கூடத்தான் செய்யும். அந்த நலம் ஐந்து குத்துகளுக்கும் பொது. ஒரு குத்து ஓர் உறுப்பை மட்டும் தேடிப்போய் வளர்க்கிறது என்பதற்கு உடலியலில் வழியே இல்லை. பெங் சரியாக வராத மாணவரிடம் கல்லீரலில் கோளாறு என்று சொல்லும் ஆசான், அவர் திருத்தவேண்டிய இடுப்பை விட்டுவிடுகிறார். இந்தக் கோட்பாடு பயிற்சிக்குச் செய்யும் கெடுதலில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

இன்று கற்பிப்பவர்களுக்கு என் பரிந்துரை எளியது. ஐந்து பெயர்களையும் வைத்துக்கொள்ளுங்கள். அவை உடம்புக்கு நன்றாகப் பேசுகின்றன. இருவர் பயிற்சியை மரபு சொன்ன ஐந்து இணைகளோடு நிறுத்தாமல் பத்து இணைகளுக்கும் விரியுங்கள். பெங் பீயை எப்போது வெல்கிறது, ஹெங் பெங்கை எந்தக் கோணத்தில் கெடுக்கிறது என்று தலைகீழாகவும் செய்து பாருங்கள். ஒத்துழைக்கும் கூட்டாளியோடு பழகிய பின், ஒத்துழைக்காதவரோடு கையுறை மாட்டிப் பழகுங்கள். குவோ யுன்ஷென்னின் பெயரில் வழங்கும் மூன்று படிகளை, வெளிப்படையான விசை, மறைந்த விசை, கரைந்த விசை என்று சுன் லுதாங் 1924இல் வெளியிட்ட நூல் பதிவு செய்திருக்கிறது. ஐந்து குத்துகளையும் ஒவ்வொரு படியிலும் திரும்பச் செய்ய அது நல்ல வழிகாட்டி. ஒரு மாணவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று அறிய ஐந்து பொருள்களைவிட அது அதிகம் உதவும்.

கற்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குத்து அந்தக் குத்தை வெல்லும் என்று ஆசான் சொன்னால், முழு வேகத்தில் செய்து காட்டும்படி பணிவோடு கேளுங்கள். நல்ல ஆசான் மகிழ்ந்து காட்டுவார். கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ நோய் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். பயிற்சிக்கூடத்தில் அதற்கு மருந்து கிடையாது.